துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பியவள்

நான் கணக்கு டீச்சர். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை. என் தம்பி மகளோ பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படித்தாள். இந்த இரண்டு செய்தியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஊர் ஏன் என்னைப் பார்த்துச் சிரித்தது என்பது புரியும். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர்கூட, "டீச்சர், உங்க வீட்டுப் பொண்ணு இன்னும் வீட்லதான் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் மிரட்டி வகுப்புக்கு இழுத்து வருகிறவள் எதிர் வீட்டுப் பிள்ளையை விட்டுவிட்டாளே என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம்.

எதிர் வீடுதான் தம்பி வீடு. அவன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். மகளைக் கும்பகோணத்தில் பெரிய இங்கிலீஷ் மீடியம் பள்ளியில்தான் சேர்த்திருந்தான். வாசலுக்கே மஞ்சள் வேன் வரும். இரண்டாம் வகுப்புப் பாதியில், வேன் ஹாரன் கேட்டதும் குழந்தை வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு பேச்சு நின்றது. பள்ளியில் பேசவில்லை, வீட்டில் பேசவில்லை, என் மடியில் உட்கார்ந்துகொண்டு என்னிடமும் பேசவில்லை. டாக்டர் காதைப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். பள்ளியில் என்ன நடந்தது என்று இன்று வரை எங்களுக்குத் தெரியாது. ஒன்றுமே நடக்காமலும் இருந்திருக்கலாம். ஒரு திங்கட்கிழமை தம்பி மனைவி வேனைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அதோடு அந்த வேன் எங்கள் தெருவுக்கு வருவது நின்றது.

தம்பி மனைவி சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். குரல் உயர்த்தமாட்டாள், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டாள். "எத்தனை நாளைக்கு இப்படி?" என்று கேட்டேன். "அவ பேசற வரைக்கும் அண்ணி" என்றாள். குழந்தை பேசுவதற்கு அந்த மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. பேசிய பிறகும் அவள் அனுப்பவில்லை. வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறேன், பத்தாவது பரீட்சையை வெளியிலிருந்து எழுதிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "பாடத்த நீ சொல்லிக் குடுத்துருவ. நாலு பேர்ட்ட பழகறதுக்கு யாரு சொல்லிக் குடுப்பா?" என்று கேட்டேன். அவள் எழுந்து உள்ளே போனாள். காபி போட்டுக்கொண்டு வந்து வைத்தாள்.

பதில் எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. அவள் போகிற இடத்துக்கெல்லாம் மகளையும் கூட்டிப் போனாள். ரேஷன் கடை, பாங்க், நெல் கொள்முதல் நிலையம், ஆஸ்பத்திரி, கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும். போகிற இடத்தில் பேச வேண்டியதை மகளே பேச வேண்டும். அம்மா பின்னால் நிற்பாள். கிளம்பும்போது அங்கே இருக்கிற ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொல்லிக்கொண்டு கிளம்ப வேண்டும், மேனேஜரானாலும் சரி, வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்கிறவரானாலும் சரி. வருகிறேன் என்று சொன்னால் வர வேண்டும், வர முடியாதென்றால் சொல்லக் கூடாது. அந்த வீட்டில் இருந்த சட்டமே இவ்வளவுதான். எங்கள் பள்ளியில் சுவர் முழுக்க விதிமுறைகள் எழுதி வைத்திருக்கிறோம். ஒன்றையும் யாரும் படித்ததில்லை, நான் உட்பட.

ஆனால் குறை இல்லாமலில்லை. தெருப் பிள்ளைகளோடு விளையாடப் போனால் அவளுக்குக் கேலி புரியாது. ஒருத்தி காதில் இன்னொருத்தி ஏதோ சொல்லிச் சிரித்தால், "எனக்கும் சொல்லுங்க, நானும் சிரிக்கிறேன்" என்பாள். அதற்கும் சேர்த்துச் சிரிப்பார்கள். கோயில் திருவிழாவில் ஒருமுறை அப்படிச் சிரித்துவிட்டு அவளை விட்டு ஓடிவிட்டார்கள். அழுதுகொண்டு என் வீட்டுக்கு வந்தாள். "பாத்தியா, இதுக்குத்தான் பள்ளிக்கூடம் போகணும்கறது" என்று நான் சமாதானம் சொன்னேன், அதைச் சமாதானம் என்று சொல்ல முடியுமானால். பெரியவர்களுக்கும் அவளால் சங்கடம்தான். எங்கள் தலைமையாசிரியர் வீட்டுக்கு வந்திருந்தபோது, "நீங்க ஏன் சார் இவ்ளோ சத்தமா பேசறீங்க, உங்களுக்குக் காது சரியா கேக்கலையா?" என்று கேட்டாள். அவருக்குக் காது கேட்காதுதான். பள்ளி முழுவதற்கும் தெரியும். ஒருவருக்கும் கேட்கத் தைரியம் இல்லை. "இடது காது மட்டும்" என்றார் அவர். அவள் எழுந்து அவருடைய வலப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். வெளியில் திட்டினாலும் எனக்கு உள்ளுக்குள் அவளைக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது.

அவளுக்குப் பதிமூன்று வயதானபோது தம்பி லீவில் வந்தான். வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டான்.

"அவ வயசுல அவளுக்கு ஒரு சினேகிதி உண்டா? ஒருத்தி பேர் சொல்லு பாப்போம்" என்று மனைவியைக் கேட்டான். அந்த வயதில் உண்மையிலேயே யாரும் இல்லை.

"நாளைக்கு காலேஜ் போகணும், வேலைக்குப் போகணும். அங்கல்லாம் நீ பின்னாடியே போயி நிப்பியா? ஹாஸ்டல்ல போட்டாத்தான் சரிப்படும்."

"மறுபடியும் பேச்சு நின்னுடுச்சுன்னா?" என்று கேட்டாள் அவள்.

அவள் பயமெல்லாம் இந்த ஒரு கேள்விதான். அந்த மழைக்காலத்தை அவன் பார்த்ததில்லை. போனில் மட்டும்தான் கேட்டான், அதுவும் பேசாத குழந்தையைப் போனில் கேட்பதில் என்ன இருக்கிறது? தட்டில் சாதத்தை வைத்துக்கொண்டு வேண்டும் வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்த அந்த முகத்தை நானும் தம்பி மனைவியும்தான் பார்த்தோம். அப்படியிருந்தும் தஞ்சாவூர் தாண்டித் திருச்சி ரோட்டில் நல்ல ஹாஸ்டல் பள்ளியாகப் பார்த்து, நாலு பேருக்குப் போன் செய்து விசாரித்துக் கொடுத்தவள் நான்தான். பெரிய பெண்ணாகிவிட்டாள், அந்தப் பயமெல்லாம் போயிருக்கும் என்று நினைத்தேன்.

கடைசியில் தம்பி இறங்கி வந்தான். "சரி, லீவு முடியற வரைக்கும் பாக்கறேன். நாலு பேரு முன்னாடி ஒழுங்கா நடந்துக்கிட்டான்னா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா ஹாஸ்டல்தான்" என்றான். மனைவி தலையாட்டினாள்.

அவன் வந்து பத்து நாள் இருக்கும், தெருவில் சாவு விழுந்தது. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவர். தம்பியைவிடச் சில மாதம்தான் மூத்தவர். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை இருவரும் ஒரே பெஞ்சு. தம்பி வெளிநாடு போனான், அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருந்துவிட்டார். ஒவ்வொரு லீவுக்கும் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போய் அவனை அழைத்து வருவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். அன்று காலையில் வயலில் மோட்டார் போடப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மனைவியும், பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு மகனும்தான். தம்பி எல்லாக் காரியத்தையும் முன்னால் நின்று செய்தான். பந்தல் போட ஆள் பிடித்தான், சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொன்னான், சுடுகாட்டுக்குப் போய்வந்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

மறுநாள் பால் தெளித்து முடித்த பிறகு நானும் தம்பி மனைவியும் அந்த வீட்டுக்குப் போனோம். மகளும் வந்தாள். அவள் துக்க வீட்டுக்குள் வருவது அதுதான் முதல் தடவை. கூடத்தில் பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இறந்தவரின் மனைவியைத் தம்பி மகள் பெரியம்மா என்று கூப்பிடுவாள். அவர் சுவரில் சாய்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கப்படி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து நடந்தோம். வாசல் வரை வந்த பிறகுதான் பெண் எங்களோடு வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

திரும்பிப் பார்த்தால் அவள் பெரியம்மா முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"பெரியம்மா, நான் போயிட்டு வரேன். நாளைக்கு வரேன்."

கூடம் அப்படியே அடங்கிப்போனது. தமிழ்நாட்டில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், சாவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அந்த மாதிரி வீட்டுக்கு மறுபடி வருவதென்றால் அங்கே மறுபடி ஒரு சாவு விழ வேண்டும் என்று அர்த்தமாகிவிடும். இவளுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவள் அம்மா சொல்லிக் கொடுத்தது கிளம்பும்போது முகம் பார்த்துச் சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான். அதைத்தான் செய்தாள். பெரியம்மாவிடம் சொல்லி முடித்து, பக்கத்தில் இருந்தவர் பக்கம் திரும்பி அவரிடமும் சொல்ல ஆரம்பித்தாள்.

பக்கத்தில் இருந்தவர் இறந்தவரின் அக்கா. "ஏ பொண்ணு, என்ன வார்த்தை சொல்ற நீ? எழவு வீட்டுல வந்து வரேன்னு சொல்லலாமா? எந்த ஊர்ல வளந்த? பள்ளிக்கூடத்துக்குப் போயி நாலு புள்ளைங்களோட பழகியிருந்தா இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்" என்று பிடித்துக்கொண்டார். ஆண்கள் உட்கார்ந்திருந்த பந்தல் வரை கேட்டது. தம்பி அங்கேதான் இருந்தான். நாலு பேர் இல்லை, நாற்பது பேர் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குக்கூட அந்த அம்மாள்மேல் எரிச்சல்தான் வந்தது. இத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், துக்க வீட்டில் எப்படி நடந்துகொள்வது என்று எந்த வகுப்பிலும் நாங்கள் நடத்தியதில்லை. ஆனால் அதைச் சொல்கிற இடமா அது? பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

அன்று மாலை தம்பி முடிவைச் சொல்லிவிட்டான். ஹாஸ்டல். பள்ளி திறக்கிற வாரம் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டுத்தான் மஸ்கட்டுக்கு விமானம் ஏறுவேன் என்றான். மனைவி எழுந்து போய்ப் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தாள். ஒப்புக்கொண்ட பேச்சு அல்லவா?

ஆனால் மறுநாள் காலையில் மகள் தலைசீவிக்கொண்டு அந்த வீட்டுக்குக் கிளம்பியபோது அவன் வாசலை மறித்தான். "நேத்து பட்டது போதாதா? இன்னைக்கு வேறயா?"

"வரேன்னு சொல்லிட்டேம்ப்பா" என்றாள் அவள்.

"அப்படிச் சொன்னதே தப்புன்னுதானே திட்டினாங்க."

"சொன்னது தப்புன்னா, சொல்லிட்டுப் போகாம இருக்கறது இன்னும் தப்பில்லையா?"

அவன் மனைவியைப் பார்த்தான். "போயிட்டு வரட்டுங்க" என்றாள் அவள். அந்த வீட்டில் அவள் எதிர்த்துச் சொல்லி நான் கேட்டது குறைவு. அவன் ஒதுங்கி வழி விட்டான்.

என்ன நடக்குமோ என்று நானும் பின்னாலேயே போனேன். இறந்தவரின் அக்காதான் நடையில் உட்கார்ந்திருந்தார். "எதுக்கு வந்தே?" என்றார். "வரேன்னு சொன்னேங்க, அதான் வந்தேன்" என்றாள் இவள், நேற்று ஒன்றுமே நடக்காதது மாதிரி. உள்ளே பெரியம்மா சாய்ந்திருந்த சுவரிலிருந்து கொஞ்சம் நகர்ந்து பாயில் இடம் விட்டார். பெண் போய் உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்திருந்தாள். கிளம்பும்போது, "நாளைக்கு வரேன் பெரியம்மா" என்றாள். இறந்தவரின் அக்கா வாயைத் திறந்து மூடிக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தபந்தம் எல்லாம் அவரவர் ஊருக்குப் போனது. மகனும் வாரிசு சர்டிபிகேட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பெங்களூருக்குத் திரும்பினான். அம்மாவையும் கூப்பிட்டான், வருஷம் முடியாமல் வரமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அந்தப் பெரிய வீட்டில் ஒற்றை ஆள். தெருவில் யாரும் கெட்டவர்கள் இல்லை. முறை போட்டுக் குழம்பும் ரசமும் கொண்டுபோய்க் கொடுத்தோம். கொடுத்த கையோடு திரும்பினோம். உட்கார்ந்தால் என்ன பேசுவது? "தைரியமா இருங்க" என்று எத்தனை தடவை சொல்வது? சொல்லிச் சொல்லி எனக்கே அந்த வார்த்தை அலுத்துவிட்டது.

ஒருநாள் நான் ரசம் எடுத்துக்கொண்டு போனபோது, தம்பி மகளும் பெரியம்மாவும் கூடத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இறந்தவருடைய செல்போன் அடித்தது. அதைக் கேட்டதும் பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ஒரு மாதமாக அவரை அதிகம் படுத்தியது அந்தப் போன்தான் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. விஷயம் தெரியாமல் யாராவது கூப்பிடுவார்கள். உரக்கடைக்காரர், டிராக்டர்காரர், எங்கேயோ இருக்கிற பழைய சினேகிதர். ஒவ்வொருவரிடமும் அவர் இல்லை என்று புதிதாகச் சொல்ல வேண்டும். அணைத்து வைக்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

பெண் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"சொல்லுங்க... இல்லைங்க, அவங்க இறந்துட்டாங்க. ஆமாங்க, சித்திரையில. நெஞ்சு வலிங்க. நான் பக்கத்து வீட்டுப் பொண்ணு பேசறேன்."

பிறகு போனைக் காதில் வைத்தபடியே இருந்தாள். மறுபக்கம் ஓர் ஆண் உடைந்து அழுவது நான் நின்ற இடம் வரை கேட்டது.

"அழுங்க, பரவால்ல. நான் லைன்லயே இருக்கேன்" என்றாள். கொஞ்சநேரம் கழித்து, "நீங்க எந்த ஊருங்க? ஆத்தூரா. அங்கேருந்து வருஷா வருஷம் வருவீங்களா... சரிங்க... பெரியம்மா இருக்காங்க. இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வாங்க, அவங்களுக்கு ஆறுதலா இருக்கும். சாப்பிடாம இருக்காதீங்க. வச்சிடறேங்க" என்றாள்.

"யாரு?" என்று கேட்டார் பெரியம்மா, முகத்தைத் திருப்பாமல்.

"அறுவடை மெஷின் ஓட்டுற அண்ணன் பெரியம்மா. பெரியப்பா அவங்கள மெஷின்லயே தூங்க விடமாட்டாங்களாம். வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து கட்டில் போட்டுக் குடுப்பாங்களாம்."

"ஆமா. அந்தத் தம்பிக்குக் குளிரும்னு எம் போர்வையப் புடுங்கிட்டுப் போயி போத்துவாரு" என்றார் பெரியம்மா. சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். கணவர் போன பிறகு அவரைப் பற்றிப் பெரியம்மா வாய் திறந்து பேசியது அன்றுதான். பெண் மறுபடியும் பூண்டை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள்.

எனக்கு அந்த நிமிடத்தில் அவள்மேல் வந்தது மரியாதை. வேறு வார்த்தை கிடைக்கவில்லை. முகம் தெரியாத ஒருவர் அழுது முடிக்கும் வரை காத்திருக்க எனக்குத் தெரியாது. மேடையேறிக் கோப்பை வாங்குகிற என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியுமென்று தோன்றவில்லை. இதை எந்தப் பாடவேளையில் சேர்ப்பது?

நேரே தம்பியிடம் போய்ச் சொன்னேன். "போன்ல பேசறதும் பழகறதும் ஒண்ணாக்கா?" என்றான். நான் மேலே சொல்ல வந்ததும் வேறு பேச்சுக்குத் தாவிவிட்டான். அப்போதுதான் ஒன்று உறைத்தது. பதினாறாம் நாளுக்குப் பிறகு அவன் அந்த வீட்டுப் படியை மிதிக்கவே இல்லை. கடைத்தெருவுக்குப் போவதென்றால்கூட அந்த வாசலைத் தாண்டாமல் குளத்தைச் சுற்றிக்கொண்டு போனான். யாரும் கூப்பிடாமலேயே அவன் தினமும் உள்ளே போய் உட்கார்ந்த வீடு அது, அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து. அங்கே போய் என்ன பேசுவதென்று அவனுக்கும் தெரியவில்லை, எங்களைப் போலத்தான்.

ஹாஸ்டல் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது, சேர்க்கும் நாளும் சொல்லிவிட்டார்கள். நான் தேடிக் கொடுத்த பள்ளி. இப்போது வேண்டாம் என்று நானே எந்த வாயால் சொல்வேன்?

கிளம்புவதற்கு முதல்நாள் மாலை பெண் பெரியம்மாவிடம் சொல்லிக்கொள்ளப் போனாள். திரும்பி வந்து என்னிடம் கேட்டாள்.

"அத்தை, காலைல நான் கிளம்பறப்ப பெரியம்மா வெளிய வரமாட்டேங்கிறாங்க. தப்பா நெனைக்காதங்கிறாங்க. ஏன்?"

"புருஷன் இல்லாதவங்க எதிர்ல வந்தா போற காரியம் கெட்டுடும்னு சொல்லுவாங்க பாப்பா. உனக்கு நல்லது நடக்கணும்னுதான் உள்ளயே இருக்கேங்கிறாங்க."

அவள் என்னையே பார்த்தாள். அதை நான் நம்புகிறேனா என்று கேட்பாள் என்று பயந்தேன். கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒன்றுமே பேசவில்லை. இரவு சாப்பிடும்போது அம்மா தோசை போடட்டுமா என்று கேட்டதற்கும் பதில் இல்லை. காலையில் எழுந்ததிலிருந்தும் இல்லை. தம்பி மனைவி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

"கூச்சம்தான். போனா சரியாயிடும்" என்றான் தம்பி. ராகுகாலம் வருவதற்குள் கிளம்ப வேண்டும் என்று வாடகைக் காரை வாசலில் நிறுத்தியிருந்தான். பெட்டி டிக்கியில் ஏறியது. தம்பி மனைவி பின்சீட்டில் உட்கார்ந்தாள். துணைக்கு நானும் போவதாக ஏற்பாடு. மற்றவர்கள் ஏறப்போகும்போது, பெண் காரைத் தாண்டி நடந்தாள். நேரே அந்த வீட்டுக் கதவின் முன்னால் போய் நின்றாள். கதவு சாத்தியிருந்தது.

தட்டினாள். திறக்கவில்லை. மறுபடி தட்டினாள். தெருவில் அங்கங்கே ஆட்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"நேரமாச்சு, வா" என்று கூப்பிட்டபடி தம்பி போனான். நானும் போனேன். அவன் அவள் தோளில் கை வைத்தபோது உள்ளிருந்து குரல் வந்தது. கதவுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறார் அவர்.

"தம்பி, அவள அழைச்சிக்கிட்டு கிளம்புங்க. நான் வெளிய வரக் கூடாது. நல்ல காரியத்துக்குப் போற புள்ள, காரியம் கெட்டுடும்."

அப்போதுதான் பெண் வாயைத் திறந்தாள். முந்தின நாள் மாலையிலிருந்து பேசாதவள்.

"பெரியம்மா முகத்தப் பாத்து சொல்லாம நான் எப்படிப்பா போறது? அவங்களுக்கு இங்க வேற யாருப்பா இருக்கா?"

தம்பி அவள் தோளிலிருந்து கையை எடுத்தான். கதவையே பார்த்துக்கொண்டு நின்றான். நிலைப்படியில் ஒரு காலத்தில் அவனும் அவன் சினேகிதரும் கீறி வைத்த கோடுகளோ வேறெதுவோ இருந்திருக்கலாம், எனக்குத் தெரியவில்லை. அவன் முகம் மட்டும் மாறியது.

"நீ தெனம் உள்ள போயி என்ன பேசுவ?" என்று கேட்டான். திட்டுகிற குரல் இல்லை அது. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டான்.

"ஒண்ணும் பேசமாட்டேன். பக்கத்துல உக்காந்திருப்பேன்."

அவன் கதவின் மேல் உள்ளங்கையை வைத்தான். "அண்ணி, கதவத் தெறங்க" என்றான்.

"காரியம் கெட்டுடும் தம்பி."

"கெட்டா கெடட்டும் அண்ணி. தெறங்க. நான் அவனப் பாக்கணும்."

தாழ்ப்பாள் விலகியது. பெரியம்மா முந்தானையால் பாதி முகத்தை மூடிக்கொண்டு ஒதுங்கி நின்றார். தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனான். கூடத்தில் மாலை போட்ட போட்டோவுக்குக் கீழே, வெறும் தரையில் உட்கார்ந்தான். தலையைக் குனிந்துகொண்டு அழுதான். அப்பா இறந்தபோதுகூட அவன் இப்படி அழுது நான் பார்த்ததில்லை. பெண் போய் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றும் சொல்லவில்லை, தொடக்கூட இல்லை. பெரியம்மா இன்னொரு பக்கம் உட்கார்ந்தார்.

நான் வாசலிலேயே நின்றிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. டிரைவர் மெல்ல வந்து, "டீச்சர், இப்பக் கிளம்பினாலும் அங்க நேரத்துக்குப் போயி சேர முடியாது. ஏசிய ஆஃப் பண்ணிடவா?" என்று கேட்டார்.

உள்ளே பார்த்தேன். மூவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஆஃப் பண்ணுங்க. பெட்டியையும் எறக்கிடுங்க" என்றேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் தம்பி மனைவி காரிலிருந்து இறங்கி, டிக்கியைத் தானே திறந்து பெட்டியை வெளியே இழுத்துவிட்டாள்.